கஸ்தூரி நீட்டிய கயிறு

கஸ்தூரி போன செய்தியை எனக்கு மனிதர் யாரும் கொண்டு வரவில்லை. அவள் வளர்த்த நாய் ஜூலிதான் கொண்டு வந்தாள். காலை ஏழு மணி இருக்கும். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்டைப் பிறாண்டும் சத்தம். போய்ப் பார்த்தால் நாய் மட்டும் நிற்கிறது. கழுத்துக் கயிறு அத்தனை முழமும் பின்னால் மண்ணில் இழுபட்டுக் கிடக்கிறது. அந்தக் கயிற்றின் மறுமுனையைக் கஸ்தூரி ஒரு நாளும் கையிலிருந்து விட்டவள் அல்ல. அடுப்பை அணைத்துவிட்டு அயனம்பாக்கம் ஏரிக்கு ஓடினேன். கரைக்குக் கீழே, கருவேலம் புதர் ஓரம், உட்கார்ந்தபடியே சாய்ந்திருந்தாள். மடியில் பந்து இருந்தது.

முப்பதாம் நாளுக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறார்கள். அவள் தங்கை மகள் வனிதா வந்து, “நீங்களும் எழுதுங்க பெரிம்மா, நல்லத மட்டும் எழுதுங்க” என்றாள். கஸ்தூரியைப் பற்றி நல்லதைத்தான் எழுதுகிறேன். மற்றவர்களைப் பற்றி நல்லது எழுதுவதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

தொழிற்பேட்டை எஸ்டேட்டில் துணிக் கம்பெனி ஒன்றில் இருபத்தைந்து வருடம் நூல் பிசிறு வெட்டியவள் கஸ்தூரி. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை கிடையாது. எனக்கு எதிர்வீடு. அப்படியும் ஒன்பது வருடம் நாங்கள் பேசவில்லை. தண்ணீர் லாரி வந்த ஒரு நாள், வரிசையில் இருந்த என் பச்சைக் குடத்தைக் காலால் தள்ளினாள். கையால் தள்ளியிருந்தால் விட்டிருப்பேன்.

எங்கள் நலச்சங்கச் செயலாளர் தணிகாசலம் வீட்டு கேட்டில் ஒரு நாய் நான்கு வருடம் சங்கிலியில் கிடந்தது. அதற்குப் பெயர் கிடையாது. “ஏய்” என்பார்கள். போன பொங்கலுக்கு வாசலில் புது டைல்ஸ் ஒட்டினார்கள். நகம் பட்டுக் கீறல் விழுமாம். சங்கிலியை அவிழ்த்து, தடியால் தட்டித் துரத்திவிட்டார். நாய் எங்கேயும் போகவில்லை. தெரு நடுவில் ஆறடி நடந்து திரும்பியது. மறுபடி ஆறடி. இல்லாத சங்கிலிக்குள் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நானும் கேட்டுக்குள் நின்று வேடிக்கைதான் பார்த்தேன். கஸ்தூரிதான் போய்த் தூக்கி வந்தாள். ஜூலி என்று பெயர் வைத்தாள்.

விளையாட்டு என்றால் என்னவென்றே அந்த நாய்க்குத் தெரியாது. ஏரிக்கரையில் கஸ்தூரி பந்தை வீசுவாள், நாய் பார்த்துக்கொண்டு நிற்கும். “இப்டிதாண்டி எட்த்துகினு வரணும்” என்று, நைட்டி மேல் போட்ட துண்டு பறக்க அவளே ஓடிப்போய் எடுத்து வருவாள். அறுபத்து மூன்று வயது. வாக்கிங் வந்தவர்கள் நின்று சிரித்தார்கள். தள்ளி நடந்துகொண்டிருந்த என் காலடிக்குப் பந்து உருண்டு வந்தது.

“யக்கா, தூக்கிப் போடு!” என்றாள். ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு.

“அன்னிக்கு கொடத்த எதுக்குடி காலால தள்ளுன?” என்றேன்.

“எம்மா! இன்னுமா அத்த ஞாபகம் வெச்சிகினு கீற? கையில பக்கத்து ஊட்டுக் கொயந்த இருந்திச்சி யக்கா. மொதல்ல பந்தப் போடு.”

போட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நானும் கூடப் போனேன்.

கம்பெனித் துண்டுத் துணிகளைப் பின்னி ஆறடியில் ஒரு கயிறு செய்திருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு முழம் சேர்த்து முடிச்சுப் போடுவாள். “இன்னாத்துக்குடி இந்தக் கூத்து? அவுத்து உடு, ஓடிட்டுப் போவுது” என்றேன்.

“அவுத்துதான உட்டாங்க? ஓடுச்சா?” என்றாள். “கயிறு நீள்றது அதுக்குத் தெரியக் கூடாது யக்கா. தெரிஞ்சா பயந்துக்கும்.”

ஆனி மாதத்தில் ஒரு காலை. கஸ்தூரி வீசிய பந்தின் பின்னால் ஜூலி வட்டம் போடாமல் நேராக ஓடினாள். பந்தைக் கவ்வியவள் திருப்பித் தரவில்லை. எங்கள் இருவரையும் புதர் புதராக அலைய விட்டாள். கஸ்தூரி கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். “பாத்தியா யக்கா, திருட்டுக் கய்தை ஆயிட்டா!”

அந்த வாரமே தணிகாசலம் எங்கள் வீட்டுக்குத் தாளோடு வந்தார். கரை மேல் நடைபாதையில் இந்த நாய் வரக் கூடாது என்று மனு. “யார் ஊட்டு நாய்னே தெரியல. நாளைக்கு யாரையாவது கட்ச்சி வெச்சா இன்னா பண்றது?” என்று என் எதிரிலேயே சொன்னார்.

“உன் ஊட்டு நாய்தான் நைனா” என்றேன். காது கேளாதவர் மாதிரி பேனாவை என் மகன் சேகரிடம் நீட்டினார். சேகரும் போட்டான். முப்பத்தோராவது கையெழுத்து. ஒரு மாதம் அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு கிடையாது என்று சொன்னேன், சொன்னபடியே போடவில்லை. ஆதாரத்துக்கு என்று, கஸ்தூரி கயிற்றோடும் நாயோடும் நிற்பதைத் தணிகாசலம் போனில் படமும் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் கஸ்தூரி கரைக்குக் கீழே இறங்கி நடந்தாள். கடைசி நாள் முழங்கால் வலி என்று நான் போகவில்லை. மேலே பாதையில் விழுந்திருந்தால் நான்கு பேர் கண்ணில் பட்டிருப்பாள். மாரடைப்பு, உடனே பார்த்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். டாக்டர் அப்படிச் சொல்லட்டும். நான் இப்படித்தான் சொல்வேன்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். கீழே வரிசையாகச் சங்கத்தாரின் தலைகள். தணிகாசலம் தலை கஸ்தூரி தலையைவிடப் பெரிது. அவள் படத்தை உற்றுப் பார்த்தேன். புகாருக்குப் பிடித்த அதே படம்! வேறு கிடைக்காமல் போனிலிருந்து இதையே கொடுத்திருக்கிறார். பேனர் கடைக்காரர் நாயை வெட்டிவிட்டார், கயிற்றை வெட்ட மறந்துவிட்டார். கஸ்தூரி கையிலிருந்து புறப்பட்ட கயிறு, தணிகாசலம் தலைக்கு மேல் வந்து பாதியில் நின்றது.

வீட்டுக்குப் போய் ஜூலியை அழைத்து வந்தேன். அவர் மைக்கில், “வாயில்லா ஜீவன்களிடம் பேரன்பு கொண்டவர்” என்று பேசிக்கொண்டிருந்தார். நாயை அவர் முன்னால் நிறுத்தினேன். “யார் ஊட்டு நாய்னு கேட்டியே நைனா, இப்ப பாத்துச் சொல்லு.”

“ஏய்!” என்றார் அவர், பழைய பழக்கத்தில். மைக்கில் அது தெருவுக்கே கேட்டது.

ஜூலி வாலை ஒடுக்கினாள். ஆறடி நடந்தாள், திரும்பினாள். மறுபடி ஆறடி. “அவுரு ஊட்டு நாய்தாம்பா இது, டைல்ஸ் போட சொல்லோ தொர்த்தி உட்டாரே” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தணிகாசலம் மைக்கை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். சேகர் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் நினைத்தது நடந்தது. ஒரு நிமிடம் இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஜூலியைப் பார்த்தேன். சுற்றிக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டேன், வரவில்லை. கஸ்தூரி ஆறு மாதம் பாடுபட்டதை என் கோபம் அழித்துவிட்டது. தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை, முடிச்சு முடிச்சாகக் கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, ஆறடி மட்டும் விட்டேன். கீழே இறங்கவில்லை. மேலே நடைபாதையில்தான் நடக்கிறோம். கையெழுத்துப் போட்டவர்கள் எதிரே வந்தால் அவர்கள்தான் ஒதுங்குகிறார்கள். பந்தை வீசுகிறேன், ஜூலி பார்க்கிறாள். இந்த முழங்காலோடு நானே போய் எடுத்து வருகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், முகங்களை ஞாபகம் வைத்திருக்கிறேன். நேற்று வெள்ளிக்கிழமை. கையிலிருந்து இரண்டாவது முடிச்சை நழுவவிட்டேன். அவளுக்குத் தெரியாது.

கஸ்தூரி, உன் கயிறும் பந்தும் ஜூலியும் என்னிடம்தான் இருக்கிறார்கள். பச்சைக் குடத்தை இன்றோடு விட்டுவிட்டேன். தணிகாசலத்தை விடவில்லை.