படம் வராத பக்கம்

இணையப் பக்கம் செய்கிற எச்டிஎம்எல் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது எங்கள் ஜீவனஹள்ளி வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாவற்றையும் நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டுபோய், கம்ப்யூட்டர் சென்டரில் எனக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் மடமடவென்று தட்டிப் பார்ப்பேன். ஒரு குறியை மூட மறந்தால் போதும், பக்கம் முழுக்கத் தடித்த எழுத்தாகிவிடும். என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நான் எழுதியது திரையில் நிறத்தோடு வந்து நிற்கும்போது, அடடா, அந்தச் சந்தோஷம் பிறகு பார்த்த எந்த வேலையிலும் கிடைக்கவில்லை.

அம்மா அடுகோடியில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தைத்துக்கொண்டிருந்தாள். என்னையும் அங்கேயே சேர்த்துவிட நினைத்தாள். "பியூசி முடிச்சிட்டு பொட்டி தட்டுறாளாம் பொட்டி. என்னத்த கிழிச்சான்னு கேளுங்க," என்று அப்பாவைக் குடைந்துகொண்டே இருப்பாள். அப்பா ஓர் ஆபீசில் அட்டெண்டர். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை எங்க ஆபீசுக்கு வந்து காட்டட்டும். சார் பாத்து நல்லாருக்குன்னா படிக்கட்டும். இல்லன்னா உன்கூட வரட்டும்."

அப்பாவைப் பற்றியே ஒரு பக்கம் செய்தேன். நீலப் பின்னணி, ஓடுகிற எழுத்து, நடுவில் அவருடைய புகைப்படம். ஃபிளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன்.

சாரின் அறையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு சுவரோரம் நின்றார். பக்கம் திறந்தது. நீலம் வந்தது, எழுத்து ஓடியது. படத்துக்குப் பதிலாக ஒரு வெற்றுக் கட்டமும் மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறியும்தான் வந்தன. யாரோ சிரித்தார்கள்.

"எல்லி அம்மா? எங்க உங்க அப்பா?" என்றார் சார். கன்னடக்காரர்; எங்கே என்பதுதான் அவருக்கு 'எல்லி'.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பக்கத்தை மட்டும்தான் ஃபிளாப்பியில் ஏற்றியிருந்தேன். படம் சென்டர் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. புத்திகெட்ட கழுதை! அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"கட்டத்துக்குள்ள ஏதோ எழுதியிருக்கே சார்," என்றார் அப்பா. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

படம் வராவிட்டால் அந்த இடத்தில் தெரிவதற்கு ஒரு வரி எழுதச் சென்டரில் சொல்லியிருந்தார்கள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று மனதில் வந்ததை அடித்துவைத்திருந்தேன். சார் அதைத் தன் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "இவரு என் அப்பா. எல்லாரும் வேணாம்னு சொன்னப்ப, இவரு ஒருத்தருதான் படின்னாரு."

சார், "அடுத்த தடவ படத்தையும் கொண்டு வாம்மா," என்று சொல்லிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை கார்மென்ட்ஸ்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டாள்: "என்ன சொன்னாரு உங்க சாரு?"

"என் போட்டோ பளிச்சுன்னு வந்துச்சுடி," என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமலே. "சாரே அசந்துட்டாரு. அவ படிக்கட்டும்."