மூன்று கடைகளில் வாங்கிய மாத்திரை

அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டுக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவன் பொறுப்பில் இருந்தன. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே இருந்தபடி பேச்சுக் கொடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கதவு இடுக்கில் வாயை வைத்து, "காத்து நல்லா வரும், பயப்படாதீங்க. பத்தே நிமிஷம். அதுக்குள்ள உங்க வீட்ல எத்தனை பேரு, யாரு யாரோட பேசறதில்லைன்னு சொல்லிட்டு இருங்க" என்பான். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு 'பத்து நிமிஷம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அவன் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தாள். முன்பக்கம் நின்று சிரிக்கும் வேலை இல்லை. பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைப் பிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்தும் வேலை. தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் தேய்ப்புக் கல், காதைக் குடையும் சத்தம், தலைக்கு நேர்மேலே வெள்ளை விளக்கு. அந்த வேலையில் அவளுக்குக் கர்வமே உண்டு. "ஒரு ஆளோட மூக்கைப் பார்த்தாலே எந்தப் பிரேம் நிக்கும்னு சொல்லிடுவேன். உங்க மூக்கைப் பார்த்துட்டுத்தான் கல்யாணத்துக்கே சரின்னேன்" என்பாள். அவர்களுக்கு ஒரே மகள். பதினொரு வயது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள்.

மனைவிக்குப் பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே ஒற்றைத் தலைவலி. முதலில் இடது கண்ணின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சம் ஆடும். அரை மணி நேரத்தில் பாதித் தலையைப் பிடித்துக்கொண்டு வலி இறங்கும். வாந்தி. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, யாராவது வெங்காயம் வதக்கினால்கூட ஆகாது. மாதத்தில் இரண்டு தடவை, மிஞ்சிப்போனால் மூன்று. ஒரு நாள் முழுக்கச் சுருண்டு கிடந்துவிட்டு மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விடுவாள்.

கல்யாணமாகி எட்டாம் வருஷம், ஒரு டாக்டரம்மா அவளுக்கென்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வலி ஆரம்பிச்ச உடனே ஒண்ணு போடுங்க. குறைஞ்சு திரும்ப வந்தா, ரெண்டு மணி நேரம் விட்டு இன்னொண்ணு. ஆனா வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல போடக்கூடாது. அதுக்கு மேல தேவைப்பட்டா மாத்திரையைக் கூட்டாதீங்க, என்கிட்ட வாங்க" என்றார்.

முதல் தடவை போட்டதும் ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுங்க" என்றாள். அவன் அசந்துபோனான். இத்தனை வருஷமாகக் கதவுக்கு வெளியே நின்று கையைப் பிசைந்தவனுக்கு, கொண்டுவந்து கொடுக்கக் கடைசியில் ஒரு பொருள் கிடைத்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதில் முதல் பாதி அவன் மனதில் கல்வெட்டாக நின்றது. மறுபாதி காற்றோடு போயிற்று.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கண்ணாடிக் கடையில் கூட இருந்த ஆள் நின்றுவிட, இரண்டு பேர் வேலை அவள் தலையில் விழுந்தது. தலைவலி வாரத்துக்கு ஒன்று என்றானது, பிறகு இரண்டு. வலி வந்தால் மாத்திரை என்பது போய், "இன்னிக்கு நிறைய ஆர்டர், வந்துடுமோன்னு பயமா இருக்கு" என்று காலையிலேயே ஒன்றைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அது கேட்காத நாளில் சாதாரண வலி மாத்திரை இரண்டு. மாத்திரை தீர்ந்தால் சொல்வாள், அவன் வாங்கி வருவான். சொல்லாவிட்டாலும் வாங்கி வருவான்.

தெருமுனை மருந்துக்கடையில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒருநாள் அவள் கணினியைப் பார்த்துவிட்டு, மாத்திரை அட்டையை எடுக்காமல் நின்றாள்.

"அண்ணே, இந்த மாசத்துல இது நாலாவது அட்டை. யாருக்கு இது?"

"வீட்ல. ஒத்தத் தலைவலி."

"இவ்வளவு போடக்கூடாதுண்ணே. சீட்டும் பழசு. ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வாங்களேன்."

அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வலியில துடிக்கிறது நீயா, அவளா?" என்றான். அந்தப் பெண் முகம் சுண்டிப்போனாள். ஆனால் அட்டையை எடுக்கவில்லை.

அதன் பிறகு அவன் அந்தக் கடைக்குப் போகவில்லை. லிஃப்ட் பார்க்கப் போகிற வழியெல்லாம் மருந்துக்கடைகள்தானே. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒன்று, வங்கிக் கட்டடத்துக்குக் கீழே ஒன்று, பேருந்து நிலையத்துப் பக்கம் ஒன்று. மூன்றிலும் மாற்றி மாற்றி, ஒரு கடைக்கு மாதம் ஒரு தடவைக்கு மேல் போகாமல் வாங்கினான். யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாகவே நினைத்தான்.

தலைவலி தினமும் வர ஆரம்பித்தது. கண் விழிக்கும்போதே தலையில் உட்கார்ந்திருக்கும். ரம்ப வெளிச்சம், வாந்தி எதுவும் இல்லை. தொப்பியை இறுக்கிப் போட்டதுபோல் ஒரு மந்தமான வலி. மாத்திரை போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் விலகி நிற்கும், பிறகு திரும்ப வந்து அதே இடத்தில் உட்காரும். அவள் பேச்சு குறைந்தது. மூக்கைப் பற்றிய கிண்டலெல்லாம் எங்கோ போயிற்று.

அப்படியொரு நாளில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கண்ணாடியில் வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாற்றிப் பொருத்திவிட்டாள். பதினாலு வருஷத்தில் நடக்காதது. ஆசிரியை அதைப் போட்டுக்கொண்டு வீட்டுப் படியில் கால் தவறி, கணுக்காலை முறித்துக்கொண்டார். கடை முதலாளி கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் மெதுவாக, "கொஞ்ச நாள் வீட்ல இருந்து உடம்பைப் பாத்துக்கம்மா" என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தவள், "அந்த டீச்சர் என்னைக் கேட்டுத்தான் வருவாங்க. நீதான் போட்டுத் தரணும்னு சொல்லுவாங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் எடுத்த எடுப்பில் கேட்டது ஒன்றுதான். "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடறீங்க?"

"ஒரு பத்து... பன்னெண்டு நாள் இருக்கும்" என்றாள்.

வாங்கியவனுக்குத் தெரியாதா? அவன் மென்று முழுங்கிவிட்டுச் சொன்னான். "இருபதுக்கு மேல இருக்கும் டாக்டர். மூணு கடையில மாத்தி மாத்தி வாங்கினேன். இது அவளுக்கே தெரியாது."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கை கால்களை அசைக்கச் சொன்னார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வலிக்குப் போடற மாத்திரையையே அளவுக்கு மீறிப் போட்டா, அதுவே தினம் வலியைக் கொண்டுவரும். உங்களுக்கு இப்ப இருக்கிறது அதுதான்னு நினைக்கிறேன். அதை நிறுத்தினாத்தான் இது நிக்கும். நிறுத்தினதும் முதல்ல வலி கூடும். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ரெண்டு வாரம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

"அதுவரைக்கும் என்ன கொடுக்கிறது?" என்றான் அவன்.

"வாந்திக்கு ஒண்ணு எழுதறேன். தலைவலி அடிக்கடி வராம இருக்கத் தினமும் போட வேற ஒண்ணு. அது வேலை செய்யவே சில வாரம் ஆகும். ஆஸ்துமா இருந்தா இதைப் போடக்கூடாது, உங்களுக்கு இருக்கா? இல்லையா? சரி. இதைத் தவிர வேற எதையும் நீங்களா சேர்க்காதீங்க. பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, இதுவரைக்கும் வராத மாதிரி திடீர்னு பயங்கரமா வலிச்சாலோ, யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

அவன் ஒரு வாரம் விடுப்பு எடுத்தான். வீட்டில் இருந்த அட்டைகளையெல்லாம் தேடிப் பொறுக்கினான். சமையலறை டப்பாவில், அவள் கைப்பையில், தையல் பெட்டியில், தலையணை உறைக்குள்ளும் ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தெருமுனை மருந்துக்கடைக்குக் கொண்டுபோனான். அந்தப் பெண்தான் இருந்தாள். "திரும்ப எடுத்துப்பீங்களா, அழிக்கிறதுக்கு?" என்றான். அவள் பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பினான்.

இரண்டாம் நாளே வலி கூட ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள் மனைவி சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. குட்டி பள்ளி விட்டு வந்ததும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் பூனை மாதிரி நடந்தாள். சொட்டுகிற குழாய்க்கு அடியில் துணியை மடித்துப் போட்டாள். அப்பாவிடம் பேசுவதெல்லாம் வாயசைவில்தான்.

"ஒண்ணே ஒண்ணு தாங்க. பாதி போதும்" என்றாள் மனைவி.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கம்மா. மூச்சை நல்லா விடு. பயப்படாத, பத்தே நிமி..."

"நான் லிஃப்டுல மாட்டிக்கல!" என்று கத்தினாள். கத்தியதில் வலி அதிகமாகித் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சத்தமே இல்லாமல் கேட்டாள். "கேக்காமலே மூணு கடை ஏறி வாங்கித் தந்தீங்களே. இன்னிக்குக் கேக்கறேன். ஒண்ணு தர மாட்டீங்களா?"

அவன் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தான். மாடிவீட்டு அக்கா இறங்கி வந்து, கையில் ஒரு அட்டையை நீட்டினாள். "எனக்கு எழுதிக் கொடுத்ததுதான். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வலி போயிடும். கொடுத்துப் பாரு தம்பி." நல்ல மனசோடுதான் கொடுத்தாள். அவன் கை நீளப் பார்த்தது. "வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன்னையே வெறுத்தான். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தான். அவர் நிதானமாக எல்லாம் கேட்டுவிட்டு, "எதிர்பார்த்ததுதான். வாந்தி நிக்கலைன்னா கூட்டிட்டு வாங்க, நரம்புல தண்ணி ஏத்தலாம். தைரியமா இருங்க" என்றார். தைரியத்தை எங்கே போய் வாங்குவது?

ஐந்தாம் நாள் மதியம், எதையோ தேடி வேலைப் பையைக் கவிழ்த்தபோது, ஸ்பேனர்களுக்கு நடுவிலிருந்து ஓர் அட்டை விழுந்தது. கடைசியாக வாங்கியது. அதில் ஒரே ஒரு மாத்திரை மிச்சம். அறைக்குள்ளிருந்து முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. தன் கை என்ன செய்கிறது என்று தெரிவதற்குள் அட்டையைப் பிதுக்கி மாத்திரையை எடுத்துவிட்டிருந்தான். ஒரு டம்ளர் தண்ணீரோடு உள்ளே போய், அவள் பக்கத்தில் மண்டியிட்டு, உள்ளங்கையை நீட்டினான்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். கை வந்தது, பாதியில் நின்றது. உதடு கோணி அழுகை வந்தது.

"கொண்டுவந்துட்டீங்களே" என்றாள். அது நன்றியா குற்றச்சாட்டா என்று அவனுக்குப் புரியவில்லை. "அஞ்சு நாள் போச்சேங்க. எல்லாம் வீணாப் போயிடுமே. எடுத்துட்டுப் போங்க. என் கண்ணு முன்னாடி வைக்காதீங்க."

அவன் எழுந்து வந்தான். அந்த ஒரு மாத்திரையைத் தாளில் மடித்துக்கொண்டு, வெயிலில் நடந்துபோய் மருந்துக்கடைப் பெண்ணிடம் கொடுத்தான். "இன்னும் ஒண்ணு இருந்துச்சு" என்றான். குரல் உடைந்துவிட்டது. அவள் கடைக்கு உள்ளே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். வாங்க வந்தவர்கள் அவனைத்தான் நோயாளி என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்பதாம் நாள் மனைவி அரைத் தட்டுச் சோறு சாப்பிட்டாள். பன்னிரண்டாம் நாள் ஜன்னல் திரையை அவளே விலக்கினாள். தினசரி வலி அடியோடு போக இன்னும் ஐந்து வாரமானது. ஒற்றைத் தலைவலி போகவில்லை. அது அவளுடையது, அவளோடேயே இருக்கும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். இப்போது மாதத்தில் நான்கைந்து. தினம் போடும் மாத்திரையால் கை ஜில்லிட்டுப் போகிறது, படி ஏறினால் களைப்பு. அதை டாக்டரம்மாவிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டாள். கடையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பின்னறையில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. முன்பக்கம் நின்று சிரிக்கும் வேலைதான் கிடைத்தது. ஆசிரியையின் வீட்டுக்கு ஒருமுறை போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அவர் நன்றாகத்தான் பேசினாராம். ஆனால் இப்போது வேறு கடைக்குப் போகிறார்.

வலி மாத்திரை திரும்பவும் உண்டு, டாக்டரம்மா முதலில் சொன்ன அளவுப்படி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும். அதை இப்போது அவளே வாங்குகிறாள், ஒரே கடையில். போட்ட நாளை நாள்காட்டியில் குறிப்பவளும் அவள்தான். அவன் தொடுவதில்லை.

போன வாரம் திங்கட்கிழமை ஒன்று போட்டாள். புதன்கிழமை ஒன்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் குட்டி போன் செய்தாள். அவன் வந்து பார்த்தபோது திரை மூடியிருந்தது, கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி.

"டாக்டருக்குப் போன் பண்ணவா?"

"வேணாம். இது தெரிஞ்ச வலிதான். ரெண்டு நாள் கணக்கு ஆயிடுச்சு. இன்னிக்குக் கிடையாது."

ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டான். அது சூடானதும் எடுத்து, திரும்ப நனைத்துப் போட்டான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையில், கட்டிலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

"மணி என்ன?" என்றாள்.

"மூணே கால்."

வெகு நேரம் ஆனதுபோல் இருந்தது. பிறகு திரும்பவும் கேட்டாள்.

"இப்ப?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "மூணு இருபது."