மேலாளருக்கு ஒன்றாம் எண்

என் நாத்தனாரை வீட்டில் கடுகு என்றுதான் கூப்பிடுவோம். ஆள் குள்ளம், கோபம் மட்டும் ஆளைவிட ஒரு முழம் உயரம். இணையம் வழியாகப் பேசும் அலுவலக போன்களை மாட்டி, அவற்றுக்கு எண் ஏற்றுவது அவள் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறாள். நான் பெருக்கித் துடைக்கும் அலுவலகத்துக்கே அவளுடைய கம்பெனி போன் மாட்ட வந்ததால், அந்த இரண்டு நாள் கூத்தும் என் கண்ணெதிரே நடந்தது.

மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு, போனை மடியில் வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு போனுக்கும் நான்கு துண்டு எண்ணாக ஒரு முகவரி உண்டாம். முதல் மூன்று துண்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கடைசித் துண்டு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். நடுவில் புள்ளி வைக்க நட்சத்திரப் பொத்தான். திரையைப் பார்க்கவே மாட்டாள். கட்டை விரல் பாட்டுக்கு ஓடும். ஒரு போனுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. மொத்தம் எண்பத்தாறு போன்.

அந்தக் கடைசித் துண்டில் யாருக்கு எந்த எண் என்று நிர்வாக அதிகாரி பட்டியல் போட்டிருந்தார். பதவி வரிசைப்படி. மேலாளருக்கு ஒன்று, துணை மேலாளருக்கு இரண்டு, தனக்கு மூன்று என்று இறங்கி, வாசல் காவலாளிக்கு எண்பத்தாறு. அந்த எண் யார் கண்ணிலும் படப்போவதில்லை. போனுக்குள் நாலைந்து பக்கம் தள்ளிப் போய்த் தேடினால்தான் தெரியும். ஒளிந்துகிடக்கும் எண்ணுக்கும் பதவி பார்த்தார்கள்.

கடுகு பட்டியலோடு அவர் அறைக்குப் போனபோது நான் அங்கே ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், ஒண்ணாம் எண் வேண்டாம். அது அந்த மூலையில இருக்கிற ரூட்டர் பெட்டியோட எண். எல்லா போனும் ஒண்ணைத் தேடிப் போய்த்தான் வெளியே பேசும். ரெண்டு பேருக்கு அதே எண் இருந்தா, வழி தெரியாம எல்லாம் நின்னுடும்."

"அப்ப பெட்டிக்கு வேற எண் போடும்மா."

"உங்க கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் அதைத்தான் வழின்னு எழுதி வச்சிருக்கு. எல்லாத்தையும் மாத்தணும் சார், வாரக்கணக்காகும்."

"எங்க மேலாளர் ஒரு பெட்டிக்குப் பின்னாடி நிக்கணுமா? கொடுத்ததைப் போடு. உனக்கு வேலை விரல்ல, மூளையில இல்ல."

கடுகின் காது இரண்டும் சிவந்தன. வெளியே வந்து தன் முதலாளிக்கு போன் செய்தாள். "கேட்டதைப் போட்டுக் கொடுத்துட்டு வாம்மா, ஏன் வம்பு?" என்று அவரும் கைகழுவினார். போட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேலாளரின் போனுக்கு வயர் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் அலுவலகமே ஊமையானது. போன் போச்சு, கம்ப்யூட்டரும் போச்சு. பதினொரு மணிக்கெல்லாம் நிர்வாக அதிகாரி தட்டச்சு செய்த தாளோடு மேலாளர் அறைக்கு வந்து கடுகையும் கூப்பிட்டார். நான் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். தாளில் 'என் கவனக்குறைவால் தவறான எண்ணை ஏற்றிவிட்டேன், மன்னிக்கவும்' என்று இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

அவளுடைய கம்பெனியில் ஒரு விதி. இரண்டு மன்னிப்புக் கடிதம் சேர்ந்தால் வேலை இல்லை. எவனோ வெட்டிய வயருக்காக, போகட்டும் என்று இவள் ஏற்கெனவே ஒன்று எழுதிக் கொடுத்திருந்தாள். இது இரண்டாவது.

"நான் போட மாட்டேன். ஒண்ணு வேண்டாம்னு நேத்தே சொன்னேன்."

"எங்கிட்டயா? எப்போ?" என்றார் அதிகாரி, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல்.

"அண்ணி அங்கதான் இருந்தாங்க. கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேலாளர், துணை மேலாளர், அந்த அதிகாரி. அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு மாதச் சம்பளம். என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "நான் துடைச்சிட்டு இருந்தேன் சார்."

கடுகு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மேலாளர் மேசைக்குப் போய், அவர் போனின் வயரைப் பிடுங்கினாள். "ஒரு நிமிஷம் பொறுங்க" என்றாள். நிமிடம் முடிவதற்குள் வெளியே ஒரு போன் அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு கூடம் முழுவதும். வயரைத் திரும்பச் சொருகினாள். கொஞ்ச நேரத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்தினார்கள். பிடுங்கினாள், அடித்தது. சொருகினாள், செத்தது. நான்காவது தடவை பிடுங்கிய வயரை மேசைமேல் போட்டாள்.

"இதுல என் கவனக்குறைவு எங்க சார் இருக்கு?"

"சரி, விடும்மா. வேற எண் போட்டுடு" என்றார் மேலாளர்.

"கோப்புக்கு ஒரு கடிதம் வேணும் சார்" என்று அதிகாரி முனகினார்.

"கடிதம்தானே?" தட்டச்சுத் தாளைப் பிடுங்கித் திருப்பிப்போட்டு, நின்றபடியே எழுதி உரக்கப் படித்தாள். "மேலாளருக்கு ஒன்றாம் எண் வேண்டும் என்று நிர்வாக அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். போடச் சொன்னார். போட்டேன். அலுவலகம் நின்றது." தாளை நீட்டினாள். "பெற்றுக்கொண்டோம்னு முத்திரை குத்துங்க. அதுக்கப்புறம்தான் சார் போன்ல கை வைப்பேன்."

எல்லா போனும் வேலை செய்தன, மேலாளருடையதைத் தவிர. அவர் அதைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். "குத்தித் தொலைங்கய்யா!"

முத்திரை விழுந்தது. அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, மேலாளர் போனை மடியில் வைத்தாள்.

"இப்ப எனக்கு என்ன எண்?"

"எண்பத்தாறு வரைக்கும் ஆள் இருக்கு சார். காவலாளிக்கு அடுத்தது உங்களுது. எண்பத்தேழு."

மாலையில் பேருந்து நிறுத்தத்தில், "அதான் எல்லாம் சரியாயிடுச்சே கடுகு" என்றேன்.

"என்ன சரியாச்சு? நான் பொய் சொல்லலைன்னு காட்ட நாலு தடவை வயரைப் பிடுங்கணுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். மூளை இல்லைன்னு அந்த ஆள் சொன்னானே, அதுவும் உங்களுக்குக் கேட்டுச்சு அண்ணி. கேட்கலைன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை. பேருந்து வந்ததும் எனக்கு முன்னால் ஏறி, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டாள். நான் நின்றுகொண்டே வந்தேன்.

ஒன்று வேண்டாம் என்று அவள் அதிகாரியிடம் சொன்னாள். எனக்குக் கேட்டது. அன்றைக்கு மேலாளர் அறையிலேயே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.