ஏழு போனிலும் இருக்கும் ஏரிக்கரை

நம் செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் வந்ததற்கு அடுத்த தை. அறுவடை மிஷினுக்கு வழிகாட்டி வரப்பில் நின்றிருந்தேன். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "மலர்விழி அக்கா போயிட்டாங்களாம்" என்றான். மூன்று நாள் காய்ச்சல். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. இதை நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார்.

செஞ்சியில் மிஷின் வைத்திருந்த ஏழு முதலாளிகளுக்கும் ஒரே ஆப் செய்து கொடுத்தவள் மலர்விழி. அவரவர் விவசாயி அவரவர் போனில் மட்டும் தெரிவார். ஊர், ஏரி, மிஷின் இறங்கும் பாதை எல்லாம் பொது. அந்தப் பொதுப் பட்டியலை என் வாயிலிருந்துதான் எடுத்தாள். தொண்டூர் பாறையடியில் தொடங்கி அவலூர்பேட்டை வரை, மூன்று நாள் நான் சொல்ல அவள் தட்டினாள். "ஊரு எல்லாருக்கும், ஆளு அவங்கவங்களுக்கு" என்பாள்.

கொரோனா ஊரடங்கு முடிந்த முதல் அறுவடையிலேயே வினை வந்தது. முதலாளி ஏழுமலைக்கு அனந்தபுரம் ஏரிக்கரைக்காரர்களோடு சண்டை. அந்தப் பக்கமே மிஷின் விடமாட்டேன் என்று தன் போனில் ஏரிக்கரையை அழித்தான். ஏழு போனிலும் அழிந்துபோனது. அங்கே நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, கிழக்கே மழை இருட்டுகிறது. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அப்படி ஓர் இடமே பட்டியலில் இல்லை என்று பதில்.

லேத் பட்டறை மாடியில் இருந்த அவள் அறைக்கு ஏழுமலையை இழுத்துப் போனேன். என் போன், என் இஷ்டம் என்று எகிறினான்.

"உங்க கண்ணுல படாம வெச்சிக்கங்கண்ணே. ஊரையே ஏன் தூக்குறீங்க?" என்றவள், என் பக்கம் திரும்பி, "பெரிப்பா, ஏரிக்கரைய மறுபடி சொல்லுங்க" என்றாள்.

மதகிலிருந்து கடைசிக் களம் வரை மூச்சு விடாமல் சொன்னேன். அன்றே ஐந்து மிஷின் இறங்கின. மழை விழுந்தபோது ஏரிக்கரையில் அறுக்காத கதிர் ஒன்று இல்லை.

அதன் பிறகு யார் அழித்தாலும் அவர் போனில் மட்டும் மறையும்படி செய்தாள். பொதுப் பட்டியலில் கை வைக்க என் சம்மதம் வேண்டும். என் போன் வாய்விட்டுக் கேட்கும்; நான் பச்சையோ சிவப்போ அழுத்துவேன்.

"படிக்காத ஆளு கையிலயா சாவிய குடுக்குற?" என்று சிரித்தான் ஏழுமலை.

"பட்டியலப் பார்க்காமயே தெரிஞ்சவரு அவருதாண்ணே."

நேற்று ஒரு புது முதலாளி தொண்டூர் பாறையடியைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார். போன் கேட்டது. சிவப்பை அழுத்தினேன். மலர்விழி எனக்கு விட்டுப்போனது அந்த விரல்தான். அன்று மாடியில் இருந்த மூவரில் ஏழுமலை போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தான், இப்போது அவள். இருப்பவன் வழிகாட்டி கோவிந்தன்.