ஈசானிய மூலையில் நிற்கும் மழைத்தண்ணீர்

நேற்று இலுப்பூரில் பெய்த மழை, புதிதாகத் தளம் போட்ட என் மொட்டைமாடியை விட்டு இன்னும் இறங்கவில்லை. ஒழுகி, கீழே என் கட்டில்தான் நனைந்தது.

காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டேன். வடிகுழாய் தென்மேற்கில் இருக்க, தண்ணீர் ஓடத் தளத்துக்குக் கொடுக்கும் வாட்டத்தை வடகிழக்குப் பக்கம் வைத்திருக்கிறார் அந்த மகா நிபுணர்.

"ஏம்ப்பா, கொழாய் இங்கிட்டு இருக்கு, தண்ணிய எதுக்கு அங்கிட்டு விட்ட?"

"வாஸ்துப்படி தண்ணி ஈசானியத்துக்குத்தாங்க ஐயா போகணும்."

"போயி?"

அதற்கு மேல் வாஸ்துவில் எழுதவில்லை போலும். வேறு யோசனை சொன்னார்.

"இப்போதைக்குக் கட்டிலக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்க."

முடியாது என்றேன். தளத்தை உடைத்து மறுபடி போடும்வரை கட்டில் அங்கேயேதான் கிடக்கும். நானும் அதில்தான் படுப்பேன்.

வாஸ்து தெரிந்த நண்பர்கள் ஒன்று மட்டும் சொல்லுங்கள். கட்டிலில் குடையை எந்தத் திசை பார்த்து விரிக்க வேண்டும்?