அறுபத்தொன்பது சதவீதம்

பிரசவ வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்த நர்ஸ் அவள். வீட்டுக் கம்ப்யூட்டரில் புது அப்டேட் ஏறும்போது, அறுபத்தொன்பது சதவீதத்துக்கு மேல் நகரவில்லை என்று இரண்டு தடவையும் பிளக்கைப் பிடுங்கியவர் அவள் புருஷன். கம்ப்யூட்டரும் கோபித்துக்கொண்டு பழையபடிக்கே திரும்பிவிட்டது.

"ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்! தள்ளுங்க" என்று மூன்றாவது தடவை அவளே உட்கார்ந்தாள். வேண்டாத ஃபைல்களை அழித்து இடம் பண்ணினாள். பிரிண்டரைக் கழற்றி வைத்தாள். அப்டேட்டை ஓடவிட்டாள். அறுபத்தொன்பதில் மறுபடியும் நின்றது. பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடு இருக்கு. உள்ளே வேலை நடக்குது."

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைவாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "ஒண்ணும் ஆகிடாதே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ புருஷன்மார் வார்டு வாசலில் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறாள். இவருக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. இவர்கள் இருவருக்கும் பிள்ளை இல்லை.

ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தையை அன்றுதான் அவரிடம் சொன்னாள்.

"போய் ஒரு காபி குடிச்சுட்டு வாங்க. ஆனதும் நானே வந்து கூப்பிடுறேன்."