என் பொய்க்கு நானே சொன்ன ஆமென்

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் நான் பார்த்த வேலையைச் சொல்லியாக வேண்டும். காறித் துப்பத் தோன்றினால் துப்பிவிட்டு மேலே படியுங்கள்.

நான் பத்திரிகைக்காரி. ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்குப் 'பசுமை மலர்' எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மேசையில் வைக்கிற, ஆங்கிலமும் தமிழுமான பளபளப்புப் புத்தகம். சாக்கடைக்குச் சந்தனம் பூசுகிற வேலை. அதற்குச் 'சுற்றுச்சூழல் தகவல் தொடர்பு' என்று பெயர் வேறு! ஆலைக்குப் பின்னால் ஒரு குழாயிலிருந்து நுரை ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். "மழைத் தண்ணி மேடம்" என்றார் சூப்பர்வைசர். மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. ஆனாலும் "ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போவதில்லை, சுற்றியுள்ள கிணறுகள் சுத்தமாகிவிட்டன" என்று கூசாமல் எழுதினேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஆலைக்குப் பக்கத்து மாதனூரில் எஸ்தர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போவேன். எல்லோரும் ஷூ கம்பெனியில் தைக்கிற பெண்கள். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, முகம் கழுவிக்கொண்டு பாட உட்காருவார்கள். "ஆண்டவரே, மிஷின் ஊசி உடையாம இருக்கணும்" என்று அவர்கள் கேட்கும்போது உள்ளுக்குள் சிரிப்பேன். படித்த திமிர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு காரியம் சொல்லி ஸ்தோத்திரம் பண்ண வேண்டும், மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். போன கார்த்திகையில் எஸ்தர் என் மலரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நம்ம சிஸ்டர் புக்ல போட்டிருக்காங்க. கிணத்துத் தண்ணி சுத்தமாய்டுச்சாம். இனிமே கேன் தண்ணி வேணாம். ஸ்தோத்திரம்!" எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அடுத்த வாரம் அவளுடைய மகள் ஜென்சி வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். ஏழு வயசு. வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று டாக்டர் கேட்டார். "கிணத்துத் தண்ணிதான் சார். இப்ப நல்லாய்டுச்சு" என்றாள் எஸ்தர். அவர் சாதாரண வயிற்றுப்போக்கு என்றே மருந்து கொடுத்தார். நான் பக்கத்தில் கல்லு மாதிரி நின்றேன்.

மறுநாள் பிள்ளை கண்ணே திறக்கவில்லை. கூட்டத்தார் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எஸ்தர் என் கையைப் பிடித்தாள். "சிஸ்டர், நீங்க படிச்சவங்க. நீங்க ஜெபம் பண்ணுங்க."

வாயைத் திறந்தேன். மலரில் எழுதுகிற அதே வழவழா வார்த்தைகள் வந்தன. பாதியில் நிறுத்திவிட்டு அழுதேன். "ஆண்டவரே, டேனரிக் குழாய்ல நுரை வந்ததைப் பார்த்தேன். பார்த்துட்டே பொய் எழுதினேன். இந்தப் பிள்ளை குடிச்சது என் பொய்யை. இவளை எடுத்துக்காதீங்க."

யாரும் ஆமென் சொல்லவில்லை. எஸ்தர் கையை உருவிக்கொண்டாள். "இங்க இன்னா நிக்கிறீங்க? போய் டாக்டர் கிட்ட சொல்லுங்க!" என்று கத்தினாள். ஓடினேன். ரசாயன விஷமா என்று ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் ஜென்சி பன் கேட்டாள். என் ஜெபத்துக்கு ஆண்டவர் தந்த பதில் அதுதான்.

வேலையை விட்டேன். அந்தக் குழாயைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் என் பெயர் போட்டே எழுதினேன். இப்போது எதை எழுதினாலும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முதலில் வாசிக்கிறேன். "நீங்க பாத்தீங்களா, இல்ல அவங்க சொன்னாங்களா?" என்பாள் எஸ்தர். அவள் ஆமென் சொல்லாத வரி அச்சுக்குப் போகாது.

பிரியமானவர்களே, என்னைவிட மட்டமானவர் உங்களில் யாரும் இருக்க மாட்டார்கள். இந்தப் புளுகிக்கே செவிகொடுத்தவர் உங்களைக் கைவிடுவாரா? அலங்காரத்தை விட்டுவிட்டு, உள்ளதைச் சொல்லி, நம்பிக் கேளுங்கள்.

கிணறு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஜென்சிக்குக் கேன் தண்ணீரை நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.